பேசுக

பெட்டிக்குள் போய்விட்டது. எது போக வேண்டுமோ அது கையில் இருக்கிறது, எது கையில் இருக்க வேண்டுமோ அது போய்விட்டது. திலகராணி இடது கையை மேசைக்கு அடியில் வைத்து மெல்ல விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை வியர்வையில் நனைந்து, நாலாக மடிந்து, பயிலரங்கில் எழுதிப் போடச் சொன்ன மஞ்சள் சீட்டு. அப்படியானால் பெட்டியில் விழுந்தது வெள்ளை. மூன்று மாதமாகக் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள், தைலப் புட்டிக்கும் பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவில், தைலம் மணக்க மணக்கக் கிடந்த வெள்ளைத்தாள். மூக்குக் கண்ணாடியை எடுக்கக் கை விட்டபோது அதுவும் கூடவே வந்திருக்க வேண்டும். இரண்டும் நாலாக மடித்தவை. பெட்டி வரிசையாக ஒவ்வொருவரிடமாக வந்துகொண்டிருந்தது, போனில் ஹாஸ்டல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது, ஒரு கண்ணால் போனைப் பார்த்துக்கொண்டே போட்டுவிட்டாள். பதினாலு வருஷமாக வருகிற போகிற மாணவர்களிடம் எல்லாம், கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி உள்ள என்ன வச்சிருக்கேன்னு பாருப்பா என்று சொல்லி வருகிறவள். அந்த வெள்ளைத்தாளில் இருப்பது ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை. மாணவர் நலத் துணை இயக்குநர் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்து, பழையபடி தேர்வுத் துறைக்கே அனுப்பிவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். பெறுநர், பதிவாளர் அவர்கள். அந்தப் பதிவாளர் அவர்கள், கலியமூர்த்தி சார், முதல் வரிசையில் உட்கார்ந்து, மேலே கட்டியிருந்த பேனரைப் பிழை திருத்துகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். பணியிடை மாணவர் நல அலுவலர்களுக்கான ஆதரவுப் பயிலரங்கு. இதற்கான சுற்றறிக்கை போன வாரம் மேசைக்கு வந்தபோது, பொருள் என்பதற்கு நேரே பணியிடை என்ற சொல்லைப் பார்த்ததும் திலகராணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். இருபது வருஷ அலுவலக வாழ்க்கையில் பணியிடை என்று ஆரம்பித்த எதுவும் நீக்கம் என்று முடியாமல் இருந்ததில்லை. என்ன செய்தோம், எந்தப் பையனுக்கு எதில் கையெழுத்துப் போட்டோம் என்று ஒரு நிமிஷம் ஆயுசு முழுக்க ஓடி முடிந்த பிறகுதான் அடுத்த சொல்லைப் படித்தாள். பணியில் பாதி தூரம் வந்துவிட்டவர்கள் என்று அர்த்தமாம். பாதி தூரம் வந்தவர்களுக்கு மீதி தூரம் போக ஆதரவு தருவார்களாம். நல்ல எண்ணம்தான். ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட விட்டால் அதுவே போதும் என்று அப்போதே நினைத்தாள். இன்று மஞ்சள் சீட்டில் எழுதியதும் அதைத்தான்.

பயிற்சி நடத்த மெட்ராஸிலிருந்து வந்திருந்த மிருணாளினி மேடத்துக்குக் காதிலிருந்து வாய்வரை வளைந்த ஒரு மைக், அதற்கு மேல் ஓயாத ஒரு சிரிப்பு. இந்தப் பணியில் தொடர உங்களுக்கு என்ன ஆதரவு வேண்டும், ஒரே ஒரு வரி, பேர் வேண்டாம், மனசுல பட்டதை எழுதுங்க, இது ரொம்பப் பாதுகாப்பான இடம் என்று சொல்லித்தான் சீட்டு கொடுத்தாள். இப்போது முதல் சீட்டை எடுத்துப் பிரித்தாள், சிரிப்பு கொஞ்சம் குறைந்தது, வாசித்தாள். "அனுப்புநர், அ. பக்கிரிசாமி, துணை விடுதிக் காப்பாளர். பெறுநர், உயர்திரு பயிற்சியாளர் அவர்கள். பொருள், இரண்டாம் தளத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி கோருதல், தொடர்பாக. பார்வை, எனது முந்தைய கடிதங்கள் ஏழு." திலகராணிக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த பக்கிரிசாமி, பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டது போல எழுந்து நின்றார். "பேர் எழுத வேண்டாம்னு சொன்னேனே சார்" என்றாள் மிருணாளினி. "பேர் போடாம எழுதினா அது மொட்டைக் கடுதாசி மேடம். மொட்டைக் கடுதாசிக்கு எங்க ஆபீஸ்ல நடவடிக்கை கிடையாது" என்றார் பக்கிரிசாமி, ரொம்ப மரியாதையாக. அரங்கமே தலையாட்டியது. இருபத்தெட்டுப் பேர், இணைப்புக் கல்லூரிகளிலிருந்து வந்த மாணவர் நல அலுவலர்கள், ஒருத்தர் பாக்கியில்லாமல் அனுப்புநர் பெறுநரோடுதான் எழுதியிருந்தார்கள். இரண்டாவது சீட்டில் கீழே இணைப்பு மூன்று என்று இருந்தது, இணைப்பு எங்கே என்று மிருணாளினி பெட்டிக்குள் தேடினாள். மூன்றாவது சீட்டில் கையெழுத்துக்கு மேல் ரப்பர் முத்திரை. யாரோ ஒரு புண்ணியவதி முத்திரையையும் மைப்பெட்டியையும் கைப்பையிலேயே வைத்திருக்கிறாள். திலகராணி சிரித்திருப்பாள், வேறொரு நாளாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள், ஏனென்றால் மஞ்சள் சீட்டில் ஒரே வரி, பெயர் இல்லாமல், சொன்னது சொன்னபடி எழுதிய ஒரே ஆள் அவள்தான். அந்தச் சீட்டுதான் கைக்குள் இருக்கிறது. அனுப்புநர் திலகராணி என்று முழு முகவரியோடு இருப்பதுதான் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த இருபத்தெட்டுப் பேரில் பாதிப் பேர் காலையில் வந்ததும் வராததுமாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு, மேடம் உங்களை மாதிரி வரணும் மேடம் என்று சொன்னவர்கள். உங்களை மாதிரி ஓடணும் மேடம் என்று இன்னும் பத்து நிமிஷத்தில் சொல்லப் போகிறார்கள்.

பெட்டி ஒன்றும் பெரிய பெட்டி இல்லை, செருப்புப் பெட்டிக்கு மினுமினுப்புத் தாள் ஒட்டியது. மூடி திறந்தே இருந்தது. மூன்றாவது வரிசையிலிருந்தே தெரிந்தது, மஞ்சளுக்கு நடுவில் வெள்ளை ஒரு மூலையை நீட்டிக்கொண்டு. எழுந்து போய் எடுத்துவிட்டால் என்ன. மேடம், ஒரு நிமிஷம், என் சீட்டில் ஒரு எழுத்துப்பிழை. நம்புவார்கள். கலியமூர்த்தி சார் நம்புவதோடு பாராட்டவும் செய்வார், அவர் எழுத்துப்பிழைக்காக ஒரு பட்டமளிப்பு விழா அழைப்பிதழையே திருப்பி அனுப்பியவர். எழுந்திரு திலகா. கால் எழவில்லை. என்ன அதிசயம் என்றால் இதே கால்தான் ஹாஸ்டல் பெண்களுக்கு டவுன் பஸ் நிற்காமல் போனபோது ரோட்டுக்கு நடுவில் போய் நின்றது, சாம்பாரில் பல்லி என்று முந்நூறு பேர் தட்டைத் தட்டியபோது முந்நூறு பேருக்கும் நடுவில் நுழைந்து போனது. அது பல்லி இல்லை, கருகின பட்டை. அன்று அந்தப் பட்டையை எல்லாருக்கும் முன்னால் கடித்துத் தின்று காட்டினாள், தின்ற பிறகுதான் ஒருவேளை பல்லியாக இருந்திருந்தால் என்று தோன்றி ராத்திரி முழுக்க எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு கிடந்தாள். அதெல்லாம் முடிகிறது. ஊரார் பிள்ளைக்காக என்றால் எதுவும் முடிகிறது. தன் காரியம் என்றால் மட்டும் இந்தக் காலுக்கு எங்கிருந்தோ ஒரு கூச்சம் வந்துவிடுகிறது. மூன்று மாதத்தில் எத்தனை தடவை பதிவாளர் அறை வாசல்வரை போயிருப்பாள். ஒரு தடவை உள்ளேயே போய், ஜிப்பைக்கூடத் திறந்து, கடைசியில் கலை விழாப் பந்தலுக்கு ஒப்புதல் வாங்கிக்கொண்டு வந்தாள். தேர்வுத் துறையில் ஆறு வருஷம் இருந்தாளே, என்ன ஒரு வாழ்க்கை. விடைத்தாள் அழாது. விடைத்தாள் மேடம் நான் செத்துப்போயிடுவேன் என்று சொல்லாது. விடைத்தாளுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, சாப்பிட்டியா என்று கேட்க வேண்டியதில்லை. கட்டு கட்டாக வரும், கட்டு கட்டாகப் போகும், அஞ்சே முக்காலுக்குப் பூட்டினால் ஆறு மணி பஸ். இங்கே ஒருத்தி அழுது முடித்துப் போனால் அவள் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன். சாப்பிட்டியா என்றுதான் ஆரம்பிப்பாள். பாதிப் பேர் அந்த இடத்திலேயே உடைந்துவிடுவார்கள், மீதிப் பேர் நிஜமாகவே சாப்பிட்டிருக்க மாட்டார்கள், அவளுடைய டப்பா போய்விடும். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன் ஒருத்தன் வாரம் தவறாமல் புதன்கிழமை மனசு சரியில்லை என்று வந்தான். புதன்கிழமை அவள் வீட்டில் புளியோதரை என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஒன்பதாவது சீட்டு. மிருணாளினியின் விரல் வெள்ளையைத் தொட்டது, தள்ளியது, பக்கத்து மஞ்சளை எடுத்தது. திலகராணி அடக்கிய மூச்சை விட்டாள், விட்ட மூச்சில் ஒரு ஏமாற்றம் இருந்ததைக் கவனித்தாள். என்ன ஏமாற்றம். படித்துத் தொலைக்கட்டும் என்று இருக்கிறதா உள்ளுக்குள். படித்தால் என்ன ஆகும், கலியமூர்த்தி சார் திரும்பிப் பார்ப்பார், அவருக்கு முகத்தில் எதுவும் ஓடாது, பிறகு கோப்பு போடச் சொல்லுவார், கோப்பு போனால் ஓரத்தில் பச்சை மையில் பேசுக என்று எழுதுவார். நேரில் பேசி முடிவு செய்யலாம் என்று அர்த்தம். அலுவலகத்தில் அதைவிடப் பொல்லாத சொல் கிடையாது. மறுத்துவிட்டால் மறுபடி எழுதலாம், ஒப்புதல் தந்தால் வேலையைப் பார்க்கலாம், பேசுக என்று எழுதிவிட்டால் கோப்பு தூங்கப் போய்விடும். பேசப் போனால் சார் மீட்டிங்கில் இருப்பார், மீட்டிங் முடிந்தால் சார் கேம்ப் என்று வெளியூர் போயிருப்பார், கேம்ப்பிலிருந்து வந்தால் கோப்பு எங்கே என்று அவரே கேட்பார். மாணவர் தண்ணீர்ப் பந்தல் கோப்பில் ஒரு ஏப்ரல் மாதம் பேசுக என்று எழுதினார், அவள் பேசி முடித்தபோது வெளியே ஐப்பசி மழை. அப்படிப்பட்ட சொல்லை, அதன் குணம் தெரிந்தவள், போயும் போயும் எங்கே எழுதினாள். வேண்டாம், அதை இப்போது நினைக்காதே. பெட்டியைப் பார். பத்தாவது சீட்டு, யாருக்கோ மாற்று நாற்காலி வேண்டுமாம், இப்போது இருப்பதில் மூன்று கால்தானாம். நினைக்காதே என்றால் நினைவு கேட்கிறதா, அது ஏற்கெனவே சமையலறையில் போய் நிற்கிறது. வைகாசி மாதம், சாயங்காலம், அடுப்பில் ரசம், காதில் போன், லாரித் தண்ணீர் இன்னும் ஹாஸ்டலுக்கு வரவில்லை என்று வார்டன். எதிரே அவள் பெண் வந்து நிற்கிறாள், கையில் கோடு போட்ட தாள். நறுமுகை, பன்னிரண்டாம் வகுப்பு. மூன்று நாளாக, அம்மா ஒண்ணு சொல்லணும், அம்மா ஒரு நிமிஷம் என்று பின்னாலேயே வந்தவளிடம், யோசனையில்லாமல், வாய்ப்பழக்கத்தில், ஒரு லெட்டர் எழுதிக் குடும்மா பாத்துக்கலாம் என்று சொல்லியிருக்கிறாள். எழுதிவிட்டாள். அனுப்புநர், க. நறுமுகை, நடு ரூம். பெறுநர், துணை இயக்குநர் அவர்கள், மாணவர் நலன், சமையலறை. கீழே ஐயா என்றோ அம்மா என்றோ விளிக்கிற இடத்தில் அம்மா என்று போட்டிருந்தாள், அது மரியாதை அம்மாவா பெற்ற அம்மாவா என்று திலகராணிக்கு இன்றுவரை விளங்கவில்லை. பொருள், தங்களுடன் பேச அரை மணி நேரம் ஒதுக்கித் தரக் கோருதல், தொடர்பாக. திலகராணி தாளை வாங்கினாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். பால் கணக்கு எழுதும் பேனாவை எடுத்தாள். இடது ஓரத்தில் பேசுக என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, லாரிக்காரன் நம்பரைச் சொல்லுங்க சார் என்றாள். நறுமுகை தாளைப் பார்த்தாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அது கிண்டல் என்றால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம், அவள் குரலில் கிண்டல் இல்லை. மறுநாள் கேட்டதற்கு ஒண்ணுமில்லம்மா என்றாள். ஒரு வாரம் கழித்துக் கேட்டதற்கும் ஒண்ணுமில்லம்மா. ஊரான் வீட்டுப் பிள்ளை அந்த ஒண்ணுமில்லையைச் சொன்னால் அதற்குள் என்ன இருக்கிறது என்று மூன்றே கேள்வியில் எடுத்துவிடுவாள், இந்த ஒண்ணுமில்லைக்கு முன்னால் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வெள்ளைத்தாளை எழுதினாள். வேறு காரணம் எதுவும் அதில் எழுதவில்லை. சொந்தக் காரணங்களுக்காக என்று போட்டாள். எத்தனை ஆயிரம் லெட்டரில் அந்த வரியைப் பார்த்திருப்பாள், அதைப் பார்க்கும்போதெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டு விவரம் தருக என்று எழுதுவாள்.

பெட்டியில் ஒன்றே ஒன்று மிச்சம். வெள்ளை. மிருணாளினி அதை எடுத்தபோது தைல வாசனை அடித்திருக்க வேண்டும், மூக்கைச் சுருக்கினாள். பிரித்தாள். "இது கொஞ்சம் நீளமா இருக்கு" என்று மைக்கில் சொன்னாள். திலகராணிக்குக் காது அடைத்துவிட்டது, மின்விசிறிச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பெயரைப் படிக்கப் போகிறாள். அனுப்புநர் என்று வாய் திறந்தால் முடிந்தது. என்னமோ ஒரு நல்ல புத்தி, அந்தப் பெண் கண்ணால் மேலிருந்து கீழே படித்துவிட்டு மைக்கை வாயிலிருந்து நகர்த்தினாள். ஓயாத சிரிப்பு ஓய்ந்த முகத்தில் ஒரு சாதாரண மனுஷி தெரிந்தாள், பாவம், அவளுக்கும் காலையிலிருந்து கால் வலிக்கும். மேடையிலிருந்து இறங்கி வந்து, "சார், இது உங்களுக்கு வந்தது" என்று கலியமூர்த்தி சாரிடம் கொடுத்துவிட்டு, எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று அறிவித்தாள். யாரும் எழவில்லை. பதிவாளர் எழுந்தால்தான் எழுவார்கள். பதிவாளர் படித்தார். அவர் படிப்பதை இந்தப் பல்கலைக்கழகத்தில் பார்க்காதவர் கிடையாது, உதடு அசைய, ஒவ்வொரு வரிக்கும் சுட்டுவிரலை நகர்த்தி, முடித்ததும் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று தாளைத் திருப்பி முதுகையும் பார்ப்பார். திருப்பினார். சட்டைப் பையிலிருந்து பச்சைப் பேனா வந்தது. எழுதினார். மூடியைப் போட்டார். தாளை மடித்து, திலகராணி மேடத்துக்கு என்று பின்வரிசைக்கு நீட்டினார், அது கை மாறிக் கை மாறி வந்தது, ஒருத்தரும் பிரித்துப் பார்க்கவில்லை, பார்க்காததை ஒவ்வொருவரும் எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தார்கள் என்பது கழுத்து நரம்பில் தெரிந்தது. பக்கிரிசாமி வாங்கி அவளிடம் கொடுத்து, "தண்ணித் தொட்டி மூடியா மேடம்" என்று மெல்லக் கேட்டார். "ஆமாம் சார்" என்றாள்.

பேசுக. இடது ஓரம், சின்னக் கையெழுத்து, தேதி. திலகராணிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கரித்தது, இரண்டில் எது முதலில் என்று தெரியாமல் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நடந்துவிட்டது. தூங்க வைத்துவிட்டார். இனி இந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு அவர் அறைக்குப் போக, அவர் மீட்டிங்கில் இருக்க, நறுமுகைக்குப் பரீட்சை முடிய, அவள் வெளியூரில் எங்காவது காலேஜில் சேர, அங்கே மாணவர் நலத்தில் யாரோ ஒரு அம்மா நாற்காலி போட்டு, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்க, இவள் பெண் அங்கே உட்கார்ந்து உடைய. அந்தப் படம் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. முகம் தெரியாத அந்தப் பொம்பளை மேல் பற்றிக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள், சாம்பார் சாதம் விழுந்தது, அப்பளம் விழுந்தது, மூலை மேசைக்குப் போய்ச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள். பேசுக. யார் பேச வேண்டும் என்று அதில் எங்கே இருக்கிறது. நீ பேசு என்றும் இல்லை, நான் பேசுகிறேன் என்றும் இல்லை, யாராவது பேசித் தொலையுங்கள் என்கிற மாதிரி ஒரு சொல், அதனால்தான் ஒருத்தரும் பேசுவதில்லை. எதிர் நாற்காலி இழுபட்டது. தட்டும் தண்ணீர் டம்ளருமாகக் கலியமூர்த்தி சார்.

அவர் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை, அறைக்கே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். கொஞ்ச நேரம் சாதத்தைப் பிசைந்தார். "படிச்சேன் மேடம்" என்றார். பிறகு சாதத்தைப் பார்த்தே, "எனக்கே ஒரு நாள் எழுதிக் குடுத்துட்டுப் போயிடலாமான்னுதான் இருக்கு. முப்பத்தோரு வருஷம். வீட்டுக்குப் போனா பேச ஆளில்ல. பையன் கனடாவுல இருக்கான், ஞாயித்துக்கிழமை கூப்பிடுவான், சாப்பாடு ஆச்சாப்பான்னு கேட்பான், ஆச்சுன்னுவேன், வச்சுடுவான்" என்றார். திலகராணியின் தலை தானாக இடது பக்கம் சாய்ந்தது. கை தட்டை ஓரமாக நகர்த்தியது. தொண்டையிலிருந்து ம் என்று அந்த மெத்தென்ற சத்தம் வந்தது. அடுத்தது என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும், எத்தனை நாளா சார் இப்படி இருக்கு என்று வரும், அவர் சொல்லுவார், அரை மணி நேரம் சொல்லுவார், மனசு லேசாகி எழுந்து போவார், வெள்ளைத்தாள் பைக்குள் போகும், பஸ்ஸில் தலைவலிக்கும். தலையை நேராக நிமிர்த்தினாள். அதற்கே கழுத்து வலித்தது. தட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "சார், மன்னிச்சுக்குங்க" என்றாள். "முதல்ல நான்." கலியமூர்த்தி சார் வாய்க்குக் கொண்டுபோன அப்பளத்தை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். பிறகு அதைத் தட்டில் வைத்தார், கையைத் தட்டின் ஓரத்தில் துடைத்தார், "சொல்லுங்க" என்றார். போன் மேசைமேல் துடிக்க ஆரம்பித்தது, ஹாஸ்டல் என்று எழுத்து மின்னியது. அவர் அதைப் பார்த்தார். "எடுக்கலையா மேடம்?" "அதுக்குப் பேசுகன்னு போட்டுடலாம் சார்" என்று சொல்லி, போனை எடுத்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அது உள்ளே தைலப் புட்டியில் இடித்துக்கொண்டு கிடந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை, இத்தனை வருஷத்தில் சொல்லுகிறவர் உட்காரும் அந்தப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்தாள்.

"எம் பொண்ணு எனக்கு ஒரு லெட்டர் எழுதினா சார்" என்றாள்.